வாத்து சொன்னதாக நான் சொன்னது

புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஒரு நாவலைப் படித்துவிட்டால் போதும், அதைப் படமாக எடுத்தவன் தங்களைக் கேட்டுத்தான் எடுத்திருப்பான் என்று நம்பிவிடுவார்கள். படத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்வார்கள். அந்த இனத்தில் போர்ட் பிளேரிலேயே முதல் ஆளாக நான் இருந்த காலம் ஒன்று உண்டு. (ஊருக்கு இப்போது வேறு பெயர் வந்துவிட்டது. எங்கள் வாய்க்கு இன்னும் வரவில்லை.)

அப்போது அபர்டீன் பஜாரில் ஒரு பாய் கடையில் எனக்கு வேலை. பள்ளிக்கூட கைடு, நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் விற்கும் கடை. உள்பக்கம் ஓர் அலமாரி நிறைய வெளிநாட்டுச் சிறுவர் நாவல்கள் இருந்தன. எந்த ஏஜென்ட் எப்போது தலையில் கட்டிவிட்டுப் போனானோ, யாரும் வாங்குவதில்லை. மழை பெய்து கடை காலியாக இருக்கும் நாட்களில் (எங்கள் ஊரில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமில்லை) ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துத் தீர்த்தேன். எல்லாவற்றிலும் பனி விழும். எல்லாவற்றிலும் ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும். அந்த அலமாரி முழுக்கத் தேடினாலும் அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளை ஒன்றுகூடக் கிடைக்காது.

படித்ததோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. எனக்கு யோசனை வேறு வந்தது.

என் அக்காவை லாங் ஐலண்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து போட் பிடித்துப் போகவேண்டிய சின்னத் தீவு. அத்தான் பெயர் சூசை. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, சிறு வயதிலேயே அந்தமான் வந்து, டிங்கி என்கிற சின்னப் படகு வைத்து மீன் பிடிக்கிறவர். நல்ல மனிதர். ஆனால் அவரிடம் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். மற்றவர்கள் சொல்லும் பார்க்கலாமுக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம். அத்தான் சொன்னால் முடியாது என்று அர்த்தம்.

அவர்கள் மகள் ரீனா பத்தாவதில் அருமையாக மார்க் வாங்கியிருந்தாள். பதினொன்றாவதில் அவள் எடுக்க நினைத்த பாடத்துக்கு போர்ட் பிளேருக்குத்தான் வரவேண்டும். ஒரு பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. தங்குவதற்கு எங்கள் வீடு இருக்கிறது. அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். அத்தான் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரீனா ஒரு மூலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். சேர்க்கை முடியப்போகிறது. அக்கா போனில் அழுதாள்.

"ஜெசி, நீ வந்து அவுககிட்ட பேசு. நீதான் நல்லா பேசுவல்லா. இந்த வாரம் விட்டா பிள்ளைக்கு ஒரு வருசம் போச்சு."

நல்லா பேசுவேன் என்று அக்கா சொன்னது எனக்குத் தலைக்கேறியது. ஆனால் அத்தானிடம் பேசுவது சுவரிடம் பேசுவது மாதிரி. அப்போதுதான் லாங் ஐலண்ட் கோயில் (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) உபதேசியாரும் போன் செய்தார். பிள்ளைகளுக்கு அவர் நடத்தும் விடுமுறை வேதபாட வகுப்பு முடிகிறதாம். கடைசி நாள் சாயங்காலம் ஹாலில் ஒரு கார்ட்டூன் படம் போட வேண்டும், அப்பா அம்மாக்களும் வருவார்கள், ஊரிலிருந்து நல்ல படமாக ஒன்று பென் டிரைவில் கொண்டு வா என்றார். அங்கே நெட் கிடைப்பது கர்த்தர் கிருபையைப் பொறுத்தது. அதனால் யார் போட் ஏறினாலும் ஒரு படம் கொண்டுபோவது வழக்கம்.

எனக்குப் பளிச்சென்று அந்த நாவல் ஞாபகம் வந்தது. (பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் அதற்குச் செய்ததே போதும்.) பனி விழும் ஊர். ஏரியில் தோணி ஓட்டும் அப்பா. அம்மா இல்லை, சொல்லவே வேண்டாம். மகளுக்குப் படிக்க ஆசை. அப்பா விடமாட்டேன் என்கிறார், கடைசியில் மனம் மாறி ரயில் ஏற்றிவிடுகிறார். அவள் பட்டணத்தில் கஷ்டப்பட்டுப் படித்து, டாக்டராகி, அப்பாவைப் பார்க்க வருகிறாள். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில், பாய் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். தோணிக்காரர், மகள், படிப்பு. சூசை அத்தானுக்காகவே யாரோ எழுதி வைத்தது மாதிரி இருந்தது. அவரிடம் நான் பேச வேண்டாம், படம் பேசட்டும்.

அதை யாரோ கார்ட்டூனாக எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாயின் மகன் எங்கிருந்தோ இறக்கி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். பாய் மட்டும் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கொண்டு போறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துரும்மா."

"பாய், நான் புத்தகத்தையே படிச்சிருக்கேன்."

"அதான் சொல்றேன்," என்றார் பாய். அவர் என்ன சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பைக்குள் பென் டிரைவைப் பத்திரமாக வைத்து, மறுநாள் போட் ஏறிவிட்டேன்.

எங்கள் பக்கம் சீக்கிரமே இருட்டிவிடும். மெயின்லேண்டில் டீ குடிக்கும் நேரத்துக்கு இங்கே விளக்குப் போட்டுவிடுவோம். ஹால் நிறைந்திருந்தது. கோயில் படமென்றாலும் தீவே வந்திருந்தது. நம் ஆட்கள், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்குக் குடும்பங்கள். அக்கா வீட்டு வெள்ளைப் பெட்ஷீட்டைச் சுவரில் கட்டியிருந்தார் உபதேசியார். அத்தானும் வந்திருந்தார். அக்கா என்ன சொல்லி அழைத்து வந்தாளோ, கடைசியில் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரீனா முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் திட்டம் அவளுக்குத் தெரியும். கையைத் தூக்கி, நான் இருக்கிறேன் என்று ஜாடை காட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை ஒடிக்கலாம் போலிருக்கிறது.

படம் ஓட ஆரம்பித்தது. பனி, ஏரி, தோணி. அப்பா வாயைத் திறந்தார். உபதேசியார் என் பக்கம் குனிந்தார்.

"ஜெசி, இது என்ன பாஷ?"

"ஜப்பான் பாஷைன்னு நெனைக்கேன், உபதேசியாரே."

"நம்ம தீவுல ஜப்பான்காரங்க யாரும் இல்லயேம்மா."

(இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்து வைத்திருந்தார்கள். அது யாரும் சிரிக்கிற கதை இல்லை.)

அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது உண்மைதான். ஆனால் பெட்ஷீட் அந்த அளவுக்கு நீளமில்லை. படம் துணியில் விழுந்தது, எழுத்தெல்லாம் முன்வரிசைப் பிள்ளைகளின் தலைமுடியில் விழுந்தது. ஒரு சிறுமியின் இரட்டைச் சடையில் ஏதோ முக்கியமான வசனம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பியதும் அதுவும் போய்விட்டது.

"கவலைப்படாதீங்க," என்று மைக்கை வாங்கினேன். "எனக்குக் கதை மனப்பாடம். நான் சொல்லுதேன்."

எங்கள் தீவுகளில் நாலு மொழிக்காரர்கள் சேர்ந்தால் இந்திதான். எனவே இந்தியில் சொன்னேன். என் இந்தி பஜார் இந்தி. விலை பேச அருமையாக உதவும். ஒரு பெண்ணின் மனப்போராட்டத்தை விவரிக்க அவ்வளவு உதவாது. ஆனாலும் தொடக்கம் நன்றாகவே போனது. இது அப்பா, தோணி ஓட்டுகிறார், இது மகள், இவளுக்குப் படிக்க ஆசை. அந்த இடத்தில் குரலை உயர்த்தி அத்தான் பக்கம் பார்த்தேன். அத்தான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கழுத்தில் சிவப்பு மஃப்ளர் சுற்றிய ஒரு வாத்து நடந்து வந்தது.

நாவலில் வாத்தே கிடையாது. ஒரு கோழி உண்டு, அதையும் கிறிஸ்துமஸுக்கு அடித்துவிடுவார்கள்.

"யே பத்தக் கோன் ஹை, திதி?" என்று ஒரு குழந்தை கேட்டது. இந்த வாத்து யார் அக்கா என்று.

"பக்கத்து வீட்டு வாத்து," என்றேன். "சும்மா வந்திருக்கு. போயிரும்."

வாத்து போகவில்லை. உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. பெண்ணும் அதனிடம் மனம் விட்டுப் பேசினாள். இருவரும் பேசிக்கொண்டே போகிறார்கள், ஹாலே என் வாயைப் பார்க்கிறது. வாத்து என்ன சொல்கிறது, வாத்து என்ன சொல்கிறது என்று பிள்ளைகள் பிய்த்து எடுத்தார்கள். நான் என்ன செய்வேன்? நாவலில் ஊர் வாத்தியார் சொல்லும் அறிவுரையை எல்லாம் எடுத்து வாத்தின் வாயில் வைத்தேன். "நீ போய் நல்லா படிக்கணும்னு சொல்லுது. பொம்பளப் பிள்ளைக்குப் படிப்புதான் துணைன்னு சொல்லுது." அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் வாத்து அந்தப் பெண்ணின் பெட்டியைக் கவ்வி இழுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தது.

"படிக்கச் சொல்லிட்டு பெட்டியை ஏன் ஒளிக்குது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போட் வந்து நிற்கும் ஜெட்டியில் டீக்கடை வைத்திருக்கும் வங்காளி, பிஸ்வாஸ் தாதா (அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்). அந்தத் தீவில் அவருக்குப் பதில் சொல்லாமல் யாரும் போட் ஏறியது கிடையாது.

"பெட்டிக்குள்ள புத்தகம் இருக்கு. திருட்டுப் போகாம பாத்துக்குது."

தாதா தலையை ஆட்டினார். நம்பிய தலையாட்டல் இல்லை அது.

நல்லவேளையாக ரயில் வந்தது. என் உயிர் திரும்பி வந்தது. அப்பா மகளைக் கட்டிக்கொண்டார், கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார், ரயில் கிளம்பியது. நாவலில் இதுதான் பாதிக் கதை. இதற்குப் பிறகுதான் படிப்பு, பட்டணம், டாக்டர் எல்லாம். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. மைக்கை இறுக்கிப் பிடித்து, படத்தை முந்திக்கொண்டு பேசினேன். "பாருங்க, அப்பா மனசு மாறிட்டார். இனிமே பிள்ளை திரும்பியே பாக்க மாட்டா. பெரிய டாக்டராகித்தான் வருவா. புத்தியுள்ள அப்பா இப்படித்தான் செய்வாங்க." கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். கதவோரம் நிற்கிறவருக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாதே.

ரயில் அடுத்த ஸ்டேஷனில் நின்றது. பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

நாவலில் அவள் இறங்க மாட்டாள். சத்தியமாக இறங்க மாட்டாள். அந்த ஸ்டேஷனே நாவலில் இல்லை. ஆனால் படத்தில் இறங்கி, பனியில் வந்த வழியே ஓட ஆரம்பித்தாள். ரீனா திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"டிபன் டப்பாவை மறந்துட்டா," என்றேன். "எடுத்துட்டு அடுத்த ரயிலைப் பிடிச்சிருவா."

"அப்பா குடுத்த பொட்டலம் கையிலயே இருக்கே," என்றார் பிஸ்வாஸ் தாதா.

"அது சாப்பாடு. டப்பா வேற."

பெண் ஓடிக்கொண்டே இருந்தாள். காடு, பாலம், உறைந்த ஏரி. எதிரே வாத்து மஃப்ளர் பறக்க ஓடி வந்தது. இருவரும் பனியில் கட்டிப் புரண்டார்கள். ஒரு டிபன் டப்பாவுக்காக யாரும் இப்படிப் புரள மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். அப்பா கதவைத் திறந்தார். ஒன்றும் பேசவில்லை. அவள் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, ஒதுங்கி வழி விட்டார். அவள் உள்ளே போனாள்.

"டப்பா அடுக்களையில இருக்கு, எடுத்துக்கோன்னு சொல்லுதார்," என்றேன். அவர் வாயே திறக்கவில்லை என்பது அத்தனை பேருக்கும் தெரிந்தது.

கதவு மூடியது. புகைபோக்கியில் புகை. மறுநாள் காலை. பெண்ணும் அப்பாவும் வாத்தும் தோணியில் போகிறார்கள். நான் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "டாக்டராயிட்டா, லீவுக்கு வந்திருக்கா," என்றேன்.

"ஏக் ஹீ ராத் மே?" என்று தாதா கேட்டார். ஒரே ராத்திரியிலா என்று. "நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற டாக்டருக்கு இது தெரியாது போல. பாவம், வருஷக்கணக்கா படிச்சிருக்கார்."

ஹால் குலுங்கியது. உபதேசியார் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிள்ளைகள் வாத்துக்காகக் கைதட்டினார்கள். நான் கதவோரம் பார்த்தேன். அத்தான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். போச்சு. படிக்கப் போன பிள்ளை பாதி வழியில் திரும்பி வருவதுதான் நியாயம் என்று கலர் படம் போட்டுக் காட்டிவிட்டேன். அதுவும் பாட்டோடு.

சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, எழுந்து டிங்கியைப் பார்க்கப் போனார். அக்கா என் தட்டில் மீனை வைத்த வேகத்தில் அது மறுபடி நீந்தியிருக்கும்.

"உன்ன பேசத்தானட்டி கூப்பிட்டேன். யாரு உன்ன படம் காட்டச் சொன்னா?"

"நாவல்ல அப்படி இல்லக்கா."

"நாவல யாரு பாத்தா?"

ரீனா மட்டும், "விடுங்கம்மா, சித்தி வேணும்னேவா செஞ்சாங்க?" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்லா பேசுகிறவள் என்ற பேரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வருஷத்தைத் தின்றுவிட்டேனே என்று இருந்தது.

காலையில் போட். அழுது வீங்கிய முகத்தோடு ஜெட்டிக்குப் போனேன். பிஸ்வாஸ் தாதா டீயை நீட்டி, "டிபன் டப்பா எடுத்தாச்சா, திதி?" என்று கேட்டார். அவரை முறைத்துக்கொண்டு திரும்பினால், ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் அத்தான் வருகிறார். தோளில் ரீனாவின் பை. பின்னால் ரீனா, அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு அக்கா.

"என்ன பாக்குத? நேர்ல வந்து கையெழுத்து போடணும்லா," என்றார் அத்தான்.

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அவர் அத்தனை வாக்கியம் சேர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"எங்க அய்யா என்னை கப்பல் ஏத்தி விடும்போது, திரும்பி வந்தா காலை ஒடிப்பேன்னு சொல்லித்தான் ஏத்துனாரு. நான் சின்னப் பய. இங்க வந்து எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா. திரும்ப முடியாதுல்லா. பிள்ளைய அனுப்புறதுன்னா அப்படித்தான்னு நெனச்சிருந்தேன். அதான் எனக்கு மனசு வரல. நேத்து அந்த மனுசன் கதவத் தொறந்தான் பாத்தியா? ஏன் வந்தன்னு ஒரு வார்த்த கேக்கல. நானும் அப்படி இருந்துட்டுப் போறேன். இவளுக்குப் பிடிச்சா படிக்கட்டும். பிடிக்கலன்னா போட் ஏறி வந்துரட்டும். கதவு தொறந்துதான் கெடக்கும்."

ரீனா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் என் சுபாவம் என்னை விடுமா? நம் பங்கு கொஞ்சமாவது இருக்கும் என்ற நப்பாசையில் கேட்டுவிட்டேன்.

"அப்போ அத்தான், நான் மைக்ல சொன்னது எதுவும்…"

"நீ சொன்னத யாரு கேட்டா? நாங்க படத்தப் பாத்தோம்."

ரீனா அந்த முதல் மழைக்காலத்தில் வீட்டு ஞாபகம் வந்து போட் ஏறி ஓடிப் போனாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் அத்தான் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து, மீன் வறுக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவளே அடுத்த போட்டில் திரும்பி வந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். டாக்டருக்குப் படிக்கவில்லை. மீன்களைப் பற்றிப் படிக்கிறாள். அத்தான் தினமும் பிடிப்பதைத்தான் படிக்கிறாள், அதற்கு எதற்கு இத்தனை புத்தகம் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

லாங் ஐலண்டில் இப்போது கொஞ்சம் நெட் கிடைக்கிறது. சாயங்காலம் அத்தான் வீடியோ கால் செய்வார். நான் எடுத்து, "நல்லா இருக்கா அத்தான், சாப்பிட்டா, முகம்கூடத் தெளிவா இருக்கு," என்று ஆரம்பிப்பேன். அந்தப் பக்கமிருந்து வழக்கமான வார்த்தை வரும்.

"சரிதான் ஜெசி. நீ போனை அவ பக்கம் திருப்பு."